சிமெண்டு மேடைக்குப் பாடு கிடையாது

அரசாங்கம் ஒரு தடவை எனக்குக் கடை கொடுத்தது. சிமெண்டு மேடை, தகரக் கூரை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், என் போட்டோ ஒட்டிய லைசென்ஸ் எல்லாம் சேர்த்துத்தான். அதை வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரியாதவள் என்று என் வீட்டுக்காரர் கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குப்பத்தில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேல் இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில், எழுபதுகளின் நடுவில், எனக்கு மீன் விற்கத் தெரியாது. என் பிறந்த வீடு சுண்ணாம்புக்குளம் பக்கம். அங்கே அப்பா பிடித்ததை வியாபாரி வந்து மொத்தமாக எடுத்துப் போவான். கூடை சுமக்கக் கூட்டிப் போனது என் நாத்தனார்தான், வீட்டுக்காரரின் அக்கா. அவளுடைய புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டார். ஒரு பெண் குழந்தையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து எங்களோடுதான் இருந்தாள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாமே, போமே, இன்னாமே, அவ்வளவுதான். அந்த 'மே'யில் திட்டும் இருக்கும், பிரியமும் இருக்கும். எது எவ்வளவு என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் படகில் ஏரியைத் தாண்டி, கரையில் பஸ் பிடித்து, கண்டக்டரிடம் பாட்டு வாங்கிக்கொண்டு ஒரு ஊருக்குப் போவோம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எனக்கு லைசென்ஸ் கொடுத்த ஆபீசில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார்கள், எதற்கு வம்பு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ரயிலடிக்குப் போகும் ரோட்டோரத்தில் சாக்கை விரித்து வரிசையாக உட்காருவோம். எங்கள் குப்பத்துப் பெண்கள்தான் பெரும்பாலும். உட்கார்ந்த இடத்துக்கு அடிக்காசு வாங்க ஒருவன் வருவான். அவனுக்குக் கொடுத்த பிறகு போலீஸ்காரர் வருவார். அவருக்குக் காசு வேண்டாம், நல்ல இறாலாக வேண்டும்.

அந்த ரோட்டில் எல்லா இடமும் ஒன்றில்லை. பஸ்ஸிலிருந்து பையோடு இறங்குகிறவன் கண்ணில் முதலில் படும் இடத்தில் உட்கார்ந்தவளுக்குக் காலை டிபன் நேரத்திலேயே கூடை காலியாகிவிடும். கடைசி இடம் ஒரு மூத்திரச் சந்தின் வாயில். அங்கே உட்கார்ந்தவள் வெயில் ஏறி, ஐஸ் கரைந்து, மீன் கண் வெளுத்த பிறகும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். வேறு ஊராக இருந்தால் முதல் இடத்துக்குத் தினம் குடுமிப்பிடிச் சண்டை நடந்திருக்கும். எங்களிடம் நடக்கவில்லை. எங்களிடம் பாடு இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்ட ஓடினால் மண்டை உடையும். அதனால் ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டு ஆம்பளைகள் வரிசை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டினவன் நாளைக்கு மோசமான இடத்துக்குப் போவான், மற்றவர்கள் ஒவ்வொரு இடமாக மேலே ஏறுவார்கள். யாருடைய முறை எங்கே என்பதுதான் பாடு. சீட்டு எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டும். தொடங்கிய பிறகு வரிசை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதையே நாங்கள் ரோட்டில் செய்தோம். இன்று முதல் இடத்தில் இருந்தவள் நாளை சந்து வாய்க்குப் போவாள். பிள்ளை பெற்று வந்தவளைச் சந்து வாய்க்கு அனுப்ப மாட்டோம், அவளுக்குப் பதில் அடுத்தவள் போவாள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அடிக்காசுக்காரன் ஒரு தடவை வியந்து போய், எப்படி இவ்வளவு ஒழுங்காக மாறி உட்காருகிறீர்கள் என்று கேட்டான். ஏரியிலிருந்து வந்தது என்று நாத்தனார் சொன்னாள். அவன் மீனைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

எண்பதுகள் தொடங்கிய சமயம் ரோட்டை அகலப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். ரோட்டில் உட்காரக் கூடாது, பழைய சந்தை மைதானத்தில் மீன் மார்க்கெட் கட்டித் தருகிறோம், எல்லோரும் லைசென்ஸ் எடுங்கள் என்று ஆபீசர் ஒருவர் வந்து நின்று பேசினார். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். காரணம் இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஒரு போலீஸ்காரர் பூட்ஸ் காலால் என் கூடையை நகர்த்தப் போய், அது சாய்ந்து மடவை மீன் எல்லாம் ரோட்டில் கொட்டி, நான் ஒன்றொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி ஏறிப் போயிற்று. டீக்கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. லைசென்ஸ் இருந்தால் எவனும் காலால் தொட மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. நான் எட்டாவது வரை படித்தவள். அதனால் குப்பத்தில் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளப்பிவிட்டதும் நான்தான்.

லைசென்சுக்குப் போட்டோ வேண்டும். பழவேற்காட்டில் ஒரு பாய் வைத்திருந்த ஸ்டுடியோவுக்குக் கூட்டமாகப் போனோம். எங்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்குக்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவர்கள் திரைக்குப் பின்னால் நின்று சிரிப்புக் காட்டுவார்கள். பாய் பொறுமைசாலி. இது லைசென்ஸ் போட்டோ அம்மா, பல்லைக் காட்டினால் ஆபீசில் வாங்க மாட்டார்கள் என்று கெஞ்சினார். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. தலையை வாரி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, விளக்கைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், தனக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று கேட்டு, கூடக் காசு கொடுத்தாள். எதற்கு என்று நான் கேலி செய்தேன். சும்மா இருக்கட்டும் என்றாள்.

மார்க்கெட் நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் மேடைகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் நம்பர். முதல் மேடை கேட்டை ஒட்டி, உள்ளே வருகிறவன் இடுப்பில் இடிக்கிற மாதிரி. கடைசி மேடை பின்சுவரை ஒட்டி. மீன் கழுவும் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடி, சுவரில் இருந்த ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போகும். போகவேண்டியது அப்படி. முக்கால்வாசி அங்கேயே நிற்கும்.

யாருக்கு எந்த மேடை என்று பேச்சு வந்தது. சண்டை வரும் என்று ஆபீசர் இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டி வந்திருந்தார். சீட்டுப் போட்டுவிடலாம், எல்லோருக்கும் சம்மதமா என்று பயந்து பயந்து கேட்டார். நாங்கள் ஒரே குரலில் சம்மதம் என்றோம். எங்களுக்குச் சீட்டைத் தவிர வேறு என்ன தெரியும்? ஒரு குடத்தில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். நாத்தனாருக்கு முதல் மேடை. எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தார்கள், முதல் நாளே சாமி அண்ணி பக்கம் என்று. எனக்குக் கடைசி. நான் என்ன செய்தேன் தெரியுமா, கையைத் தட்டிச் சிரித்தேன். சாக்கடையை முதல் நாளே கழித்துவிட்டால் மறுநாளிலிருந்து ஏறுமுகம்தானே. கடைசி மேடை கிடைத்தவள் சிரிக்கிறாளே என்று ஆபீசர் என்னையே பார்த்தார். இவ்வளவு ஒற்றுமையான ஜனங்களை நான் பார்த்ததே இல்லை என்று போலீஸ்காரரிடம் சொன்னார். கைநாட்டு வைக்கிறவர்கள் வைத்தார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். எத்தனை நாளுக்கு இந்த மேடை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சீட்டு விழுந்தால் வரிசை சுற்றும். ஏரித் தண்ணீர் உப்பா என்று யாராவது கேட்பார்களா?

மறுநாள் நாங்கள் பாட்டுக்கு மாறி உட்கார்ந்தோம். நாத்தனார் பின்சுவருக்குப் போனாள், நான் ஒரு மேடை மேலே ஏறினேன். அப்படியே சில நாள் போயிற்று. ரோட்டில் கூறு கட்டி விற்ற நாங்கள் இப்போது முத்திரை போட்ட தராசில் நிறுத்து விற்றோம். தராசு பிடித்துப் பழக்கமில்லை, முள் நிற்பதற்குள் வாங்குகிறவன் பொறுமை இழந்தான். ஆனாலும் மேலே கூரை இருந்தது. காலால் தள்ள யாரும் இல்லை. என்னைப் போல உண்டா என்று நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் சோதனைக்கு வந்தார். ஒவ்வொரு மேடைக்கும் நேரே ஆணியில் மாட்டியிருந்த லைசென்சில் இருக்கும் போட்டோவைப் பார்ப்பார், கீழே உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்ப்பார். ஒரு முகமும் ஒரு போட்டோவும் சேரவில்லை. மனிதருக்கு முதலில் தன் கண்ணாடிமேல்தான் சந்தேகம் வந்தது. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் கோபம் வந்தது. லைசென்ஸ் வாங்கி உள்வாடகைக்கு விடுகிறீர்களா என்று கத்தினார். நான் எழுந்து, உள்வாடகை இல்லை சார், இது எங்கள் பாடு என்று ஏரியிலிருந்து தொடங்கி விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"அதெல்லாம் ஏரியோட வெச்சுக்குங்கம்மா. இங்க யார் பேர்ல மேடையோ அவங்கதான் உக்காரணும். மாத்தி உக்காந்தா ரெண்டு பேர் லைசென்சும் கேன்சல்."

எத்தனை நாளைக்கு என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் இருக்கிற வரைக்கும் என்றார் அவர். நல்ல செய்தி சொல்லும் முகத்தோடுதான் சொன்னார். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு தன் நம்பருக்குப் போனாள். நான் பின்சுவருக்குப் போனேன்.

அந்தச் சுவரைப் பற்றி என்ன எழுதுவது. நடைபாதையில் பாதி தூரம் வருவதற்குள் எல்லோருக்கும் பை நிறைந்துவிடும். அதையும் தாண்டி வருகிறவன் சாக்கடை நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவான். வாடகை மட்டும் முதல் மேடைக்கும் எனக்கும் ஒன்றுதான். விற்காத மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புப் போட்டு மணலில் காய வைத்தேன். எங்கள் வாசலில் கருவாடு காயாத நாள் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் ஏரியில் பிடிப்பது வரவர குறைந்துகொண்டிருந்தது. என் கூடைதான் வீட்டுக்கு அரிசி. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். ரோட்டுக்கே திரும்பிப் போகலாம் என்றால் ரோட்டில் கூடையைக் கண்டாலே பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். உனக்குத்தான் மார்க்கெட் இருக்கிறதே என்பார்கள்.

மற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து ஆபீசில் போய் நின்றால் வரிசை வைக்கச் சம்மதிப்பார்கள் என்றேன். முன்பக்கம் இருந்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன் என்று இப்போது எழுதலாம். அப்போது வாய்க்கு வந்தபடி குறை சொன்னேன்.

ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கம் கூட்டம் என்றால் கோயில் எதிரே மணலில் ஆம்பளைகள் உட்காருவார்கள். பெண்கள் வெளியே நிற்கலாம், கேட்டால் பேசலாம். என்னை யாரும் கேட்கவில்லை, நானே பேசினேன். பாடு என்பது நம் ஊர் வைத்த முறை. சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டால் முறை மாறிவிடுமா? ஊர் போய் ஆபீசில் சொல்லட்டும், லைசென்சைப் பொதுவாக எழுதிக் கொடுக்கட்டும், நாங்கள் மாறி மாறி உட்காருகிறோம். இதுதான் நான் சொன்னது. நன்றாகவே சொன்னேன். என் மாமனார், அவரை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம், பெரியவர்கள் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மருமகள் சொல்வதும் நியாயம்தான் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தொடங்கினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

அப்போது நாத்தனார் முன்னால் வந்தாள். அவள் கூட்டத்துக்கு வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"எம் புருசன் முகத்துவாரத்துல போனப்ப நான் இங்கதான் வந்து நின்னேன். அவரு பாடு எனக்குத் தாங்க, ஆள் வெச்சு வலை கட்டிக்கிறேன்னேன். ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு கெடையாதுன்னு சொன்னீங்க. நைனாவும் இங்கதான் உக்காந்துனு இருந்தாரு. யாருமே தெரியாத ஒருத்தன் இப்ப எம் பேரை எழுதி எனக்குன்னு ஒரு எடம் குடுத்திருக்கான். அதுக்கு மட்டும் பாடு கேக்குறீங்களா?"

நைனா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உம்மேல எனக்குக் கோவம் இல்லமே. ஆனா நான் எழுந்துக்க மாட்டேன்."

அது நடந்தது எனக்குத் தெரியாது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய கதை. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தும் அவள் ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் பெரிய நியாயம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய பாடு அவளை வெளியே நிற்கவைத்து வாசலைச் சாத்தியிருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கூட்டம் அதோடு கலைந்தது. அரசாங்க மேடைக்கு ஊர் பாடு வைக்க முடியாது என்று பெரியவர் முடித்துவிட்டார். அவருக்கும் எழுந்து போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அண்ணி, உப்பு எங்கே என்பேன். உறியில் இருக்கிறது என்பாள். ஒரே படகு, ஒரே பஸ், கேட் வரைக்கும் ஒன்றாக நடப்போம். கேட்டில் அவள் நின்றுவிடுவாள், நான் நடைபாதையின் கடைசிவரை நடப்பேன். மத்தியானம் அவள் காலிக் கூடையோடு எனக்காகக் காத்திருப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நீ போ அண்ணி என்று சொல்லிப் பார்த்தேன். போக மாட்டாள்.

மழைக்காலம் வந்ததும் கருவாடு காயவைக்கவும் வழியில்லை. மீன் அழுகிப் போய் இரண்டு நாள் ஏரியில் கொட்டினேன். மறுநாள் கேட்டில் வந்து நின்றபோது நாத்தனார் ஒன்றும் கேட்காமல் என் கூடையைப் பிடுங்கித் தன் மேடையில் சாய்த்துவிட்டாள். தன் மீனை ஒரு பக்கம் ஒதுக்கி, என் மீனை இன்னொரு பக்கம் குவித்தாள்.

"நீ அந்தாண்ட நில்லுமே. எடுத்துக் குடு. நான் நிறுக்கிறேன்."

இதுவும் சட்டப்படி தப்புதான். ஒரு லைசென்சுக்கு ஒருத்தி மீன்தான் விற்கவேண்டும். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுந்துக்க மாட்டேன் என்று ஊர் நடுவில் சொன்னவள், உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு ஒரு பங்கு இடம் செய்தாள். என் மீனுக்கு வந்த காசைத் தனியாக முடிந்து வைத்துச் சாயங்காலம் படகில் கொடுப்பாள். எண்ணிப் பார் என்பாள். நான் எண்ண மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குள் பேச்சு திரும்பி வந்தது. வாங்க வருகிறவர்களைப் பற்றி அவள் வாய்க்குள்ளேயே அடிக்கும் கேலிக்கு நான் சிரிக்கவும் தொடங்கினேன். இப்படியே காலம் தள்ளிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். இளவயசு, வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். அவர் முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை. கூட்டத்தில் அவர் கேட்டுக்குள் நுழைந்ததை நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தபோது எங்கள் மேடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் பையோடு ஒரு பியூன். நான் மேடையின் வெளிப்பக்கம், கை நிறைய மடவையோடு நிற்கிறேன். போட்டோவைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். சரியாக இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

இவங்க யாரு என்று கேட்டார்.

நாத்தனார் நிமிரவே இல்லை. என் கையிலிருந்த மீனை வாங்கித் தராசில் போட்டாள்.

"வாங்க வந்தவங்க சார்." அப்புறம் என்னிடம், "சொல்லுங்கம்மா, மடவை எவ்ளோ போடட்டும்?"

சொல்லுங்கம்மா. அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் மரியாதை அது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். ஊர்க் கூட்டத்தில் அத்தனை ஆம்பளைகள் எதிரே அசையாமல் நின்றவள், இப்போது என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், கண்ணாலேயே. நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அந்த மேடை போய்விடும். அரைக் கிலோ என்றேன்.

அவள் முள் நிற்கும்வரை காத்திருந்து நிறுத்தாள். கொழம்புக்கா, வறுக்கவா என்று கேட்டாள். அன்று சாயங்காலம் எங்கள் அடுப்பில் என்ன சமைக்கப் போகிறோம் என்று படகிலேயே பேசி வைத்திருந்தோம். கொழம்புக்கு என்றேன். அருவாமனையில் செதில் சீவி, துண்டு போட்டு, பேப்பரில் கட்டி நீட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தேன். என் புருஷன் வலையில் விழுந்த மீனை நான் விலை கொடுத்து வாங்கினேன். அவள் வாங்கிச் சாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது போலிருக்கிறது. என்னைப் பார்த்து, "இப்ப வசதியா இருக்காம்மா? முன்னல்லாம் ரோட்டுல வாங்குவீங்களே, எவ்ளோ அசிங்கம்" என்றார். நல்ல மனிதர். மனசாரத்தான் கேட்டார்.

"வசதியா இருக்கு சார்" என்றேன்.

அவர் நடைபாதையில் உள்ளே போனார். நான் நிற்க முடியாது, வாங்கியவள் போகத்தானே வேண்டும். பொட்டலத்தோடு வெளியே வந்து கேட்டுக்கு எதிரே ரோட்டில் நின்றேன். கூடை உள்ளே, மீன் உள்ளே. பியூன் பின்சுவர் மேடையில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனதைப் பிறகு கேள்விப்பட்டேன். நான் போய் ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் அந்த அரைக் கிலோவை நாத்தனார்தான் குழம்பு வைத்தாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே முடிச்சை அவிழ்த்து என் மீனுக்கு வந்த காசை நீட்டினாள். அதிலிருந்து கொஞ்சத்தைப் பிரித்து, இது நீ காலையில் கொடுத்தது என்றாள். அதை மட்டும் நான் வாங்கவில்லை.

"கடையில வாங்கினதுக்குக் குடுத்த காசு அண்ணி. அது கடைக்காரம்மாவுது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடூரமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எனக்கு உள்ளே அவ்வளவு எரிந்துகொண்டிருந்தது, அவள்மேல் இல்லை, யார்மேல் என்று சொல்லத் தெரியாமல் எரிந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அழுதாள். சட்டியைக் கிளறுவதை நிறுத்தாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள். இன்னாமே பண்ணச் சொல்ற என்று ஒரு தடவை கேட்டாள். நான் அணையப்போன அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

மறுநாள் கேட்டில் அவள் என் கூடைக்குக் கையை நீட்டினாள். நான் நிற்காமல் நடந்து, ரயில் பாதையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்துத் தெருக்களில் வாசல் வாசலாகக் கூவி விற்றேன். என் மேடையை ஆபீசில் வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்தார்கள். நாத்தனார் கடைசிவரை முதல் மேடையில்தான் இருந்தாள், அது கடைசிவரை அவள் பேரில்தான் இருந்தது.